காலடியில் இருக்கும் பூமி: அடிப்படைப் புவி அறிவியல் சொற்கள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புவி அறிவியல் படிக்கத் தொடங்குகிறவர்களை அதிகம் குழப்புவது, ஒன்றுபோலவே தோன்றும் இரட்டைச் சொற்கள். பாறையும் கனிமமும், மாக்மாவும் லாவாவும், சிதைவும் அரிப்பும், வானிலையும் காலநிலையும் எங்கே பிரிகின்றன என்பது பிடிபட்டுவிட்டால் மற்றவை தானாக விளங்கும். அதனால் கீழே உள்ள பதில்களில் பலவும் அந்தப் பிரிவுகளைப் பற்றியவை.

புவி அறிவியல் என்றால் நிலவியல் மட்டும்தானா?

நிலவியல் அதில் ஒரு பகுதி. பாறை, மலை, எரிமலை, நிலநடுக்கம் எல்லாம் நிலவியலில் வரும். கடலியல், வானிலையியல், நீரியல், தொல்லுயிரியல் ஆகியவையும் புவி அறிவியலுக்குள் அடங்கும். இவற்றை ஒன்றாக வைத்துப் பார்க்கக் காரணம் உண்டு. 1815-இல் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்தது. அது மேலே அனுப்பிய கந்தகத் துகள்கள் சூரிய ஒளியை மறைத்ததால், 1816-இல் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் கோடை சரியாக வராமல் பயிர்கள் பொய்த்தன. எங்கோ நடந்த நிலவியல் நிகழ்வு, வேறு கண்டத்தின் வானிலையை மாற்றிவிட்டது.

பூமியின் உள்ளே எத்தனை அடுக்குகள்?

எதனால் ஆனது என்று பார்த்தால் மூன்று: மேலோடு, கவசம், கரு. பூமியின் மையம் சராசரியாக 6371 கி.மீ. ஆழத்தில் இருக்கிறது. அதில் மேலோடு மிக மெல்லியது. கடலுக்கு அடியில் சுமார் 7 கி.மீ., கண்டங்களுக்கு அடியில் சராசரியாக 35 முதல் 40 கி.மீ., இமயமலைக்கும் திபெத்துக்கும் அடியில் 70 கி.மீ. வரை. கடலடி மேலோடு பசால்ட் என்ற கருத்த, கனமான பாறையால் ஆனது. கண்ட மேலோட்டில் கிரானைட் போன்ற எடை குறைந்த பாறைகள் அதிகம். மேலோட்டுக்குக் கீழே சுமார் 2900 கி.மீ. ஆழம் வரை கவசம். பூமியின் கன அளவில் பெரும்பகுதி இதுதான். அதற்கும் உள்ளே இரும்பும் நிக்கலும் கலந்த கரு.

கருவிலும் இரண்டு பகுதிகள். வெளிக்கரு திரவம். சுமார் 5150 கி.மீ. ஆழத்தில் தொடங்கும் உட்கரு திடம். உட்கருவின் வெப்பம் 5000 டிகிரி செல்சியஸுக்கும் மேல். அவ்வளவு வெப்பத்திலும் அது உருகாமல் இருப்பதற்குக் காரணம் அழுத்தம்: பூமியின் மையத்தில் அது காற்றழுத்தத்தைப் போல் 36 லட்சம் மடங்கு. வெளிக்கருவில் திரவ இரும்பு சுழன்று ஓடுவதால்தான் பூமிக்குக் காந்தப்புலம் இருக்கிறது. அந்தக் காந்தப்புலத்தின் வடக்கும் தெற்கும் பலமுறை இடம் மாறியிருக்கின்றன. கடைசியாக முழுதாக மாறியது சுமார் 7,80,000 ஆண்டுகளுக்கு முன்.

அப்படியானால் பாறைக்கோளம் என்பது மேலோட்டின் இன்னொரு பெயரா?

இல்லை. இதைப் பாடநூல்களே சில சமயம் கலந்துவிடுகின்றன. மேலோடு, கவசம் என்பது வேதியியல் பிரிவு. பாறைக்கோளம் என்பது எப்படி நடந்துகொள்கிறது என்பதை வைத்துப் பிரிப்பது. மேலோடும், அதோடு ஒட்டிக்கொண்டிருக்கும் கவசத்தின் மேல்பகுதியும் குளிர்ந்து, விறைப்பாக, ஒரே பலகையாக நகர்கின்றன. இந்த விறைப்பான பகுதி முழுவதும் பாறைக்கோளம். அதன் தடிமன் பல இடங்களில் சுமார் 100 கி.மீ. பழைய கண்டங்களின் நடுவே இன்னும் அதிகம். அதற்குக் கீழே இருக்கும் சூடான, இளகிய பகுதி மென்பாறைக்கோளம். நிலத்தட்டு என்று சொல்வது பாறைக்கோளத்தின் துண்டைத்தான். ஆக, 'மேலோடு நகர்கிறது' என்று சொன்னால் நகர்கிற பலகையின் பாதிக்கு மேல் விட்டுப்போகிறது.

மேலோட்டுக்குக் கீழே எல்லாம் கொதிக்கும் குழம்புதானே?

நிறையப் பேர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் கவசம் கிட்டத்தட்ட முழுவதும் திடப் பாறை. ஆனால் அது லட்சக்கணக்கான ஆண்டுகளில் மெதுவாக வழிந்து நகரும். திடப்பொருள் எப்படி வழியும் என்று கேட்கலாம். பனியாறும் திடமான பனிக்கட்டிதான், அதுவும் மலைச் சரிவில் இறங்கிக்கொண்டேதான் இருக்கிறது.

பாறை உருகுவது குறிப்பிட்ட இடங்களில் மட்டும். தட்டுகள் விலகும் இடத்தில் சூடான கவசப் பாறை மேலே ஏறும்போது அழுத்தம் குறைந்து ஒரு பகுதி உருகும். ஒரு தட்டு இன்னொன்றின் கீழே அமிழும் இடத்தில், அமிழும் பாறையிலிருந்து வெளிவரும் நீர் மேலே இருக்கும் பாறையின் உருகுநிலையைக் குறைத்துவிடும். பசிபிக் பெருங்கடலைச் சுற்றி எரிமலைகள் வரிசையாக நிற்பது இதனால்தான். ஹவாய் போன்ற இடங்களில் ஆழத்திலிருந்து சூடான பாறை தனித் தூணாக மேலே வருகிறது.

யாரும் உள்ளே போய்ப் பார்க்கவில்லையே, இதெல்லாம் எப்படித் தெரியும்?

நிலநடுக்க அலைகள் சொல்கின்றன. ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் 1970-இல் தொடங்கித் தோண்டிய துளை 12,262 மீட்டரைத் தொட்டது. அதற்கு மேல் பாறை எதிர்பார்த்ததைவிடச் சூடாக இருந்ததால் போக முடியவில்லை. அவ்வளவு உழைத்தும் மையத்துக்குப் போகும் வழியில் ஐந்நூறில் ஒரு பங்குகூடத் தாண்டவில்லை.

நிலநடுக்கத்தின்போது இரண்டு வகை அலைகள் பூமிக்குள்ளே பரவுகின்றன. முதன்மை அலை, அதாவது பி அலை, பாறையை அழுத்தி விரித்துக்கொண்டு போகும், வேகமானது. இரண்டாம் அலை, அதாவது எஸ் அலை, பாறையைக் குறுக்காக அசைக்கும். எஸ் அலையால் திரவத்துக்குள் போக முடியாது. பெரிய நிலநடுக்கம் நடக்கும்போது பூமியின் மறுபக்கத்தில் எஸ் அலை வந்து சேராத பரந்த பகுதி ஒன்று இருக்கும். நடுவே திரவம் இருக்கிறது என்பது இப்படித்தான் தெரிந்தது. அப்புறம், திரவக் கரு வளைத்துவிடுவதால் பி அலை வரவே கூடாத பகுதியில் மெல்லிய பி அலைகள் பதிவாகின. டென்மார்க்கைச் சேர்ந்த இங்கே லேமன் அந்தப் பதிவுகளை உட்கார்ந்து ஆராய்ந்து, திரவக் கருவுக்குள் இன்னொரு கரு இருக்கிறது, அதில் பட்டுத்தான் அலைகள் திரும்புகின்றன என்று 1936-இல் எழுதினார். காகிதத்தில் பதிந்த கோடுகளை வைத்து, 5000 கி.மீ. ஆழத்தில் இருப்பதைக் கண்டுபிடித்திருக்கிறார். புவி அறிவியலில் எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு இது.

மாக்மாவுக்கும் லாவாவுக்கும் என்ன வித்தியாசம்?

நிலத்துக்குள் இருக்கும்வரை மாக்மா, வெளியே வந்துவிட்டால் லாவா. மாக்மாவில் நீராவியும் கரியமில வாயுவும் கரைந்திருக்கும். மேலே வந்து அழுத்தம் குறையும்போது அவை பிரிந்துவிடும். சிலிக்கா (சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்த பொருள்) அதிகமுள்ள குழம்பு பிசுபிசுப்பாக இருப்பதால் வாயு எளிதில் வெளியேற முடியாமல் எரிமலை வெடிக்கும். ஹவாயில் இருப்பதுபோல் சிலிக்கா குறைந்த குழம்பு பெரும்பாலும் ஆறாக வழிந்தோடும்.

பாறை, கனிமம் – இரண்டும் ஒன்றா?

கனிமம் என்பது இயற்கையில் உருவான திடப்பொருள்; அதற்கென்று வேதியியல் கலவை உண்டு, அதன் அணுக்கள் ஒழுங்கான வரிசையில் அடுக்கப்பட்டிருக்கும். பாறை என்பது கனிமங்களின் தொகுப்பு.

ஒரு கிரானைட் துண்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் உடைந்த கண்ணாடிபோல் தெரிகிற மணிகள் குவார்ட்ஸ். வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருந்து, ஒரு கோணத்தில் திருப்பினால் தட்டையான முகம் பளிச்சென்று மின்னுவது ஃபெல்ட்ஸ்பார். கறுப்பாக மினுங்கும் சிறு செதில்கள் மைக்கா. ஊசி முனையால் நெம்பினால் மெல்லிய தாளாக உரிந்து வரும். மூன்றும் சேர்ந்த தொகுப்பு கிரானைட் என்ற பாறை. ஒருமுறை இப்படிப் பார்த்துப் பழகிவிட்டால், மெருகேற்றிய கிரானைட் தரையில் நடக்கும்போதுகூடக் கண் தானாக மணிகளைப் பிரித்துப் பார்க்கும்.

இதுவரை சுமார் 6000 கனிமங்கள் அங்கீகரிக்கப்பட்டிருக்கின்றன. மேலோட்டில் பெரும்பங்கு சிலிக்கேட் கனிமங்கள். இயற்கையான பனிக்கட்டி கனிமம், தண்ணீர் கனிமம் இல்லை, ஏனென்றால் அது திடப்பொருள் இல்லை. நிலக்கரி செடிகொடிகள் புதைந்து உருவான படிவுப்பாறை. வைரமும் கிராஃபைட்டும் இரண்டுமே கார்பன்தான். அணுக்கள் அடுக்கியிருக்கும் முறை வேறாக இருப்பதால் இரண்டு வேறு கனிமங்கள்.

மூன்று வகைப் பாறைகளை எப்படிப் பிரிப்பது?

உருவான விதத்தை வைத்து. குழம்பு குளிர்ந்து உறைந்தால் தீப்பாறை. ஆழத்தில் மெதுவாகக் குளிர்ந்தால் கிரானைட்போல் மணிகள் பெரிதாக வளரும். வெளியே வந்து சீக்கிரம் குளிர்ந்தால் பசால்ட்போல் மணிகள் கண்ணுக்கே தெரியாது. இன்னும் வேகமாகக் குளிர்ந்தால் மணியே இல்லாத எரிமலைக் கண்ணாடி கிடைக்கும்.

மணல், சேறு, சிப்பி ஓடுகள் அடுக்கடுக்காகப் படிந்து இறுகினால் படிவுப்பாறை: மணற்கல், களிக்கல், சுண்ணாம்புக்கல். ஏற்கெனவே இருக்கும் பாறை வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் மாறினால் உருமாறிய பாறை. சுண்ணாம்புக்கல் பளிங்குக்கல்லாக மாறுவது இப்படித்தான். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: உருமாறும்போது பாறை உருகுவதில்லை. திடமாக இருந்தபடியே கனிமங்கள் புதிதாக வளர்கின்றன. உருகிவிட்டால் அது மறுபடியும் தீப்பாறைக் கணக்கில் சேர்ந்துவிடும்.

கனிமத்தின் கடினத்தன்மை என்றால் என்ன? வைரத்தை உடைக்கவே முடியாதா?

கடினத்தன்மை என்பது கீறலைத் தாங்கும் திறன். 1812-இல் ஃபிரெட்ரிக் மோஸ் பத்துக் கனிமங்களை வரிசைப்படுத்தினார். 1 டால்க், 10 வைரம். விரல் நகம் சுமார் 2.5, சாதாரணக் கண்ணாடி சுமார் 5.5. ஒரு கல் கண்ணாடியைக் கீறினால் அது குவார்ட்ஸாக இருக்கலாம் (7), நிச்சயமாகக் கால்சைட் இல்லை (3). இது வெறும் வரிசை. 9-ஆம் இடத்தில் இருக்கும் கொரண்டத்தைவிட வைரம் பல மடங்கு கடினமானது. ஆனால் சுத்தியலால் அடித்தால் வைரமும் உடையும், ஏனென்றால் கீறலைத் தாங்குவதும் அடியைத் தாங்குவதும் வேறு வேறு குணங்கள்.

நிறத்தை மட்டும் நம்பிக் கனிமத்தை அடையாளம் காண வேண்டாம். மெருகு பூசாத பீங்கான் துண்டில் தேய்த்து, விழும் பொடியின் நிறத்தைப் பாருங்கள். எஃகுபோல் சாம்பலாக மின்னும் ஹேமடைட்கூடச் செம்பழுப்புக் கோடுதான் போடும். தங்கம் என்று பலர் ஏமாறும் பைரைட் கரும்பச்சைக் கோடு போடும், தங்கம் மஞ்சள் கோடு.

சிதைவும் அரிப்பும் ஒன்றுதானே?

பாறை இருந்த இடத்திலேயே உடைந்தாலோ கரைந்தாலோ சிதைவு. உடைந்ததைத் தண்ணீரோ காற்றோ பனியோ வேறிடத்துக்கு எடுத்துப் போனால் அரிப்பு. போய்ச் சேருகிற இடத்தில் படிதல். விரிசலில் புகுந்த நீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரிந்து பாறையைப் பிளப்பது இயல்பியல் சிதைவு. ஃபெல்ட்ஸ்பார் கொஞ்சம் கொஞ்சமாகக் களிமண்ணாக மாறுவது வேதியியல் சிதைவு. குவார்ட்ஸ் அப்படி எளிதில் மாறாது. கடற்கரை மணலில் அது இவ்வளவு இருப்பதற்கு அதுவே காரணம்.

நிலத்தட்டுகள் நகர்கின்றன என்று எப்போது தெரிந்தது?

ஜெர்மானியரான ஆல்ஃபிரெட் வெக்னர் 1912-இல் கண்டங்கள் நகர்கின்றன என்றார். தென் அமெரிக்காவின் கிழக்குக் கரையும் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையும் பொருந்துவதை மட்டும் அவர் காட்டவில்லை. மீசோசாரஸ் என்ற சிறிய நன்னீர் ஊர்வனவின் புதைபடிவம் அந்த இரண்டு கண்டங்களில் மட்டும் கிடைத்தது. அது பெருங்கடலை நீந்திக் கடந்திருக்க முடியாது. ஆனால் கண்டங்களை எது நகர்த்துகிறது என்று அவரால் சரியாக விளக்க முடியவில்லை. பெரும்பாலானோர் ஏற்கவில்லை. 1930-இல் கிரீன்லாந்து ஆய்வுப் பயணத்தில் அவர் இறந்துபோனார்.

விடை கடலுக்கு அடியில் இருந்தது. பெருங்கடல்களின் நடுவே ஓடும் மலைத்தொடரில் புதிய தரை உருவாகி இரண்டு பக்கமும் விலகிப் போகிறது. அந்தப் பாறைகளில் பதிந்த காந்தத் திசை மலைத்தொடரின் இருபுறமும் ஒரே மாதிரிப் பட்டைகளாக இருப்பதற்குக் காரணம் பூமியின் காந்தப்புலம் பலமுறை மாறியதுதான் என்று 1963-இல் ஃபிரெட் வைன், டிரம்மண்ட் மேத்யூஸ் இருவரும் விளக்கினார்கள். கண்டங்களில் 400 கோடி ஆண்டுப் பழைய பாறைகள் இருக்கும்போது, பெருங்கடல் தரை பெரும்பாலும் 20 கோடி ஆண்டுகளுக்கு உட்பட்டதாக இருக்கிறது. பழைய தரை மறுபடி உள்ளே அமிழ்ந்துவிடுகிறது.

தட்டுகளின் வேகம் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர், நம் நகம் வளரும் அளவு. இதைவிட வேகமாக நகர்ந்து வந்த இந்தியத் தட்டு சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவோடு மோதியது. எவரெஸ்ட் சிகரத்தின் உச்சியில் இருப்பது கடலில் படிந்த சுண்ணாம்புக்கல். அதில் கடல் உயிரினங்களின் எச்சங்கள் இருக்கின்றன.

செய்திகளில் சொல்லும் 'நிலநடுக்க மையம்' எது?

இருபுறப் பாறைகளும் ஒன்றையொன்று உரசி நழுவும் உடைவுக்குப் பிளவு என்று பெயர். பிளவில் நழுவல் தொடங்கும் ஆழமான புள்ளி குவியம். அதற்கு நேர் மேலே தரையில் இருக்கும் புள்ளி வெளிமையம். செய்திகளில் வரைபடத்தில் காட்டுவது வெளிமையம். கூடவே 'ஆழம் 10 கி.மீ.' என்று சொல்வது குவியத்தின் ஆழம்.

ஒரு நிலையத்தில் பி அலை வந்து எத்தனை நொடி கழித்து எஸ் அலை வருகிறதோ, அதை 8-ஆல் பெருக்கினால் தூரம் தோராயமாகக் கி.மீ. கணக்கில் கிடைக்கும். 25 நொடி இடைவெளி என்றால் சுமார் 200 கி.மீ. மூன்று நிலையங்களிலிருந்து அந்தந்தத் தூரத்துக்கு வட்டம் போட்டால், வட்டங்கள் சந்திக்கும் இடம் வெளிமையம். (இந்தக் கணக்கு அருகிலுள்ள நிலநடுக்கங்களுக்கு மட்டும் பொருந்தும்.)

ரிக்டர் அளவு 6-க்கும் 7-க்கும் அவ்வளவு வித்தியாசமா?

மிகப் பெரிய வித்தியாசம். அளவு ஒன்று கூடினால் கருவியில் பதியும் அலையின் உயரம் 10 மடங்கு. வெளிப்படும் ஆற்றல் சுமார் 32 மடங்கு. இரண்டு கூடினால் ஆற்றல் ஏறத்தாழ 1000 மடங்கு. இதுவரை பதிவானவற்றில் மிகப் பெரியது 1960-இல் சிலியில் நடந்தது, 9.5.

சார்லஸ் ரிக்டர் 1935-இல் தன் அளவையைத் தெற்குக் கலிபோர்னியாவுக்காக உருவாக்கினார். மிகப் பெரிய நிலநடுக்கங்களை அது குறைத்துக் காட்டும். அதனால் இன்று பயன்படுவது திருப்புத்திறன் அளவை. பிளவின் எவ்வளவு பரப்பு நழுவியது, எவ்வளவு தூரம் நழுவியது, பாறை எவ்வளவு விறைப்பானது என்ற மூன்றையும் அது கணக்கில் எடுக்கும். செய்திகளில் பழக்கத்தால் இன்னும் 'ரிக்டர்' என்கிறார்கள்.

அளவும் தீவிரமும் வேறு. ஒரு நிலநடுக்கத்துக்கு அளவு ஒன்றுதான். தீவிரம் இடத்துக்கு இடம் மாறும், அந்த இடத்தில் எவ்வளவு குலுங்கியது என்பதைக் குறிக்கும். மெர்காலி அளவையில் அது 1 முதல் 12 வரை. 1985 செப்டம்பர் 19-இல் மெக்சிகோவின் பசிபிக் கரையோரம் 8.0 அளவில் நிலநடுக்கம். முன்னூறு கி.மீ.க்கும் அப்பால் இருந்த மெக்சிகோ நகரம் கடுமையாக இடிந்தது. நகரத்தின் ஒரு பகுதி பழைய ஏரிப்படுகையின் மென்மையான களிமண்மேல் நின்றதால் குலுக்கல் அங்கே பெருகிவிட்டது. வீடு கட்டுகிறவர்கள் மண்ணைப் பற்றி அவசியம் கேட்க வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான்.

நிலநடுக்கத்தை முன்கூட்டியே சொல்ல முடியுமா?

இந்த நாள், இந்த இடம், இந்த அளவு என்று சொல்ல இன்றுவரை முடியாது. அப்படி வரும் செய்திகளைப் பகிர வேண்டாம். ஒரு பகுதியில் வரும் ஆண்டுகளில் நடப்பதற்கான வாய்ப்பைக் கணக்கிடலாம். நிலநடுக்கம் தொடங்கியபின், வேகமான பி அலையைப் பிடித்து, எஸ் அலை வருவதற்குச் சில நொடி முன்பு எச்சரிக்கலாம். ஜப்பானில் இது நடைமுறையில் இருக்கிறது.

சுனாமிக்கும் கடல் ஏற்றத்துக்கும் தொடர்பு உண்டா?

இல்லை. ஏற்றமும் வற்றமும் நிலா, சூரியன் ஆகியவற்றின் ஈர்ப்பால் வருபவை. சுனாமி, கடல்தரை திடீரென்று உயர்ந்தோ தாழ்ந்தோ மேலிருக்கும் தண்ணீர் முழுவதையும் தள்ளுவதால் வருகிறது. 4000 மீட்டர் ஆழக் கடலில் அதன் வேகம் மணிக்குச் சுமார் 700 கி.மீ. ஆனால் அங்கே அதன் உயரம் பெரும்பாலும் ஒரு மீட்டரைத் தாண்டாது. கரையை நெருங்கி ஆழம் குறையும்போது வேகம் குறைந்து உயரம் கூடும். கடல் திடீரென்று உள்வாங்கினால் உடனே உயரமான இடத்துக்குப் போய்விட வேண்டும். சில சமயம் உள்வாங்காமலேயே அலை வரும். முதல் அலையே பெரியதாக இருக்கும் என்றும் இல்லை, எனவே அது வடிந்ததும் இறங்கி வரக் கூடாது.

நிலத்தடி நீர் என்பது பூமிக்குள் ஓடும் ஆறா?

பெரும்பாலும் இல்லை. சுண்ணாம்புக் குகைகளில் மட்டும் அப்படி ஓடும். மற்ற இடங்களில் மணல், சரளை, பாறை ஆகியவற்றின் நுண்ணிய இடைவெளிகளிலும் விரிசல்களிலும் நீர் நிறைந்திருக்கிறது. இடைவெளிகள் முழுவதும் நீரால் நிரம்பத் தொடங்கும் மட்டம் நிலத்தடி நீர்மட்டம். போதிய நீரைத் தேக்கி வைத்து, எடுக்கவும் விடும் அடுக்கு நீர்த்தாங்கி.

இங்கே நுண்துளைமையையும் ஊடுருவுதன்மையையும் பிரித்துப் பார்க்க வேண்டும். எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்பது முதலாவது. அந்த இடைவெளிகள் வழியே நீர் போக முடியுமா என்பது இரண்டாவது. களிமண்ணில் இடைவெளி மணலைவிட அதிகமாகவே இருக்கலாம், ஆனால் அவை மிக நுண்ணியவை என்பதால் நீர் எளிதில் நகராது. களிமண்ணில் தோண்டிய கிணறு ஊறாததன் காரணம் அதுதான். சகாராவுக்கு அடியில் எகிப்து, லிபியா, சூடான், சாட் நாடுகளில் பரவியிருக்கும் நூபிய மணற்கல் நீர்த்தாங்கியில் இருப்பது, பாலைவனம் பசுமையாக இருந்த காலங்களில் இறங்கிய நீர். எடுத்த அளவுக்கு அது மறுபடி நிரம்புவதில்லை.

வானிலை, காலநிலை?

இன்று மழையா வெயிலா என்பது வானிலை. ஒரு இடத்தின் வானிலையைப் பொதுவாக 30 ஆண்டுக்குச் சேர்த்துப் பார்த்தால் காலநிலை. ஒரு குளிர்ந்த வாரத்தை வைத்துக் காலநிலை மாறவில்லை என்றும், ஒரு வெப்பமான நாளை மட்டும் வைத்து மாறிவிட்டது என்றும் சொல்ல முடியாது.

புதைபடிவத்தின் வயதைக் கார்பன் வைத்துத்தானே கணக்கிடுகிறார்கள்?

டைனோசருக்கு அது உதவாது. அதற்குப் பயன்படும் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பனில் பாதி 5730 ஆண்டில் சிதைந்துவிடும். சுமார் 50,000 ஆண்டுக்கு மேல் அளக்கும் அளவுக்கு மிஞ்சாது. பறவைகள் தவிர்த்த டைனோசர்கள் அழிந்து 6.6 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அவ்வளவு பழையதற்கு, புதைபடிவம் இருக்கும் அடுக்கின் மேலும் கீழும் உள்ள எரிமலைச் சாம்பல் அடுக்குகளைத் தேடி, அதிலுள்ள ஸிர்கான் என்ற கனிமத்தின் மணிகளில் யுரேனியம் எவ்வளவு ஈயமாக மாறியிருக்கிறது என்று அளக்கிறார்கள். யுரேனியம்-238-இல் பாதி சிதைய 447 கோடி ஆண்டு ஆகும். இப்படிக் கிடைப்பது தனிவயது. எண் எதுவும் சொல்லாமல், கீழே இருக்கும் அடுக்கு மேலே இருப்பதைவிடப் பழையது என்று மட்டும் சொன்னால் ஒப்பீட்டு வயது. இந்த விதியை நிக்கோலஸ் ஸ்டெனோ 1669-லேயே எழுதிவிட்டார். பூமியின் வயதை 455 கோடி ஆண்டு என்று கிளேர் பாட்டர்சன் 1956-இல் விண்கற்களின் ஈயத்தை அளந்து வெளியிட்டார். இன்றைய கணக்கு 454 கோடி.

நிலவியல் காலப் பிரிவுகளை யார், எதை வைத்துப் பிரிக்கிறார்கள்?

பாறை அடுக்குகளில் தெரியும் பெரிய மாற்றங்களை வைத்து, முக்கியமாகப் புதைபடிவங்கள் மாறும் இடத்தை வைத்து. சுமார் 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் உயிரினங்களில் பெரும்பாலானவை அழிந்தன. அங்கே பேலியோசோயிக் என்ற காலப் பிரிவு முடிந்து மீசோசோயிக் என்ற பிரிவு தொடங்குகிறது. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அது முடிகிறது. அதற்குள் டிரையாசிக், ஜுராசிக், கிரிட்டேசியஸ் என்று மூன்று உட்பிரிவுகள். பிரிவுகளின் நீளம் சமமாக இருக்காது. எல்லைகளைச் சர்வதேச அடுக்கியல் ஆணையம் முடிவு செய்கிறது.

நாம் இருப்பது ஹோலோசீன் என்ற பிரிவில். சுமார் 11,700 ஆண்டுகளுக்கு முன் கடைசிப் பனிக்காலம் முடிந்தபோது தொடங்கியது. மனிதச் செயல்களின் தடத்தை வைத்து ஆந்த்ரோபோசீன் என்ற புதிய பிரிவை இருபதாம் நூற்றாண்டின் நடுவில் தொடங்க வேண்டும் என்ற முன்மொழிவு 2024 மார்ச்சில் வாக்கெடுப்பில் தோற்றது. அந்தச் சொல்லைப் பேச்சிலும் கட்டுரையிலும் தாராளமாகப் பயன்படுத்தலாம். அதிகாரபூர்வ நிலவியல் கால அட்டவணையில் மட்டும் அது இல்லை.